கீரி உண்டு, பாம்பு இல்லை

ஹீலோ, ஹவாய்த் தீவு.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்ளே,

உன் வாட்ஸப் குரல் செய்தி கிடைத்தது. முக்கால்வாசி ஓவர்லாக் மிஷின் சத்தம். நடுவில் யாரோ ‘நூலு அந்துபோச்சுங்’ என்கிறார், நீ அவரைத் திட்டுகிறாய், அப்புறம் ஞாபகம் வந்து என்னைக் கேட்கிறாய்: சோறு கிடைக்குதா, பாம்பு கீம்பு இருக்கா, பொழுதன்னிக்கும் கடலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கியா. குரலிலேயே பதில் அனுப்பினால் நீ ரெட்டை வேகத்தில் ஓட்டித்தான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். சம்பளம் போட்டு முடித்த சனிக்கிழமை ராத்திரி நிதானமாகப் படி. நீ பட்டுவாடா ஆரம்பிக்கும் சாயங்காலம் 6 மணிக்கு எனக்கு அதே சனிக்கிழமை விடியற்காலை 2.30. ஊரில் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கும் சண்டை எனக்குத் திங்கட்கிழமையே தெரிந்துவிடுகிறது. நம்ம சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு இது பெரிய சௌகரியம் என்று சொல்ல மாட்டேன்.

கடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹீலோவில் உட்கார்ந்து கடல் பார்க்க முடியாது. மழை. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். அதில் கால்வாசி திருப்பூரில் பெய்தால் நொய்யலில் வெள்ளம் என்று டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். வேட்டி காய மூன்று நாள் ஆகிறது. சாயப்பட்டறை வைக்க லாயக்கில்லாத ஊர் என்று வந்த அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்தது சத்தம். பொழுது சாய்ந்ததும் இங்கே தவளைகள் ஷிப்ட் ஏறும். கோக்கீ என்று பேர். ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து 1980களின் கடைசியில் நர்சரிச் செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்து இறங்கியது. பக்கத்தில் நின்று கேட்டால் 90 டெசிபல் வரை போகும். கத்துவதெல்லாம் ஆண்கள்தான். அந்தக் கூப்பாட்டை ஆராய்ந்தவர்கள் சொல்வது: ‘கோ’ என்பது மற்ற ஆண் தவளைகளுக்கு, ‘இது என் இடம், ஓடிப் போ’ என்று. ‘கீ’ என்பது பெண் தவளைக்கு, ‘இங்கே வா’ என்று. ஒரே மூச்சில் ஒருத்தனை மிரட்டி ஒருத்தியைக் கூப்பிடுவதற்கு நம்ம காலேஜ் பஸ்ஸில் எத்தனை பேர் முயற்சி பண்ணினார்கள்! குளம் குட்டையைத் தூர்த்து இதை ஒழிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. முட்டையை ஈர இலைச் சருகில் இடுகிறது, தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. எங்கள் தெருவில் ஒருவர் ராத்திரி டார்ச் கட்டிக்கொண்டு செடிச் செடியாக எலுமிச்சை உப்புக் கரைசல் அடிக்கிறார். அவர் அடித்து முடித்த பக்கத்துச் செடியிலிருந்து ‘கோக்கீ’ கேட்கிறது.

புதிதாகக் குடிவரும் அமெரிக்கர்கள் இதில் தூக்கம் கெட்டு வீட்டையே விற்கிறேன் என்கிறார்கள். நான் முதல் ராத்திரியே குறட்டை விட்டேன். நைட் ஷிப்ட் நிட்டிங் மிஷின் ஓடுகிற கட்டடத்துக்குப் பின்வீட்டில் வளர்ந்தவனடா நான். கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்திருப்போம்.

இப்போது பாம்பு. இல்லை. இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாம்பு வளர்த்து மாட்டினால் மூன்று வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் டாலர் வரை அபராதம். குவாம் தீவில் வெளியூர்ப் பாம்பு ஒன்று புகுந்து பறவைகளைத் துடைத்து எடுத்துவிட்டது. அந்தப் பயம். பூந்தொட்டி மண்ணோடு வந்த ஒரு குருட்டுப் பாம்பு மட்டும் உண்டு. மண்புழு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவாய், யாரையும் ஒன்றும் செய்யாது.

ஆனால் கீரி இருக்கிறது மாப்ளே! தெருவுக்குத் தெரு, குப்பைத் தொட்டிக்குக் குப்பைத் தொட்டி. கல்கத்தாப் பக்கத்திலிருந்து 1872-ல் ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே பெருகினதிலிருந்து 72 உருப்படியை 1883-ல் இந்தத் தீவின் கரும்புத் தோட்டக்காரர்கள் வாங்கி வந்தார்கள். எதற்கு? கரும்பைக் கடிக்கும் எலியைப் பிடிக்க. எலி நைட் ஷிப்ட், கீரி டே ஷிப்ட். இருவரும் கேட்டில்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பசித்த கீரி தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்ன ஆரம்பித்தது. நேநே என்று இங்கே ஒரு வாத்து இனம், உலகத்தில் வேறெங்கும் சொந்தமாகக் கிடையாது. வேட்டை, கீரி, பூனை என்று எல்லாம் சேர்ந்து 1950 வாக்கில் காட்டில் முப்பது பறவைதான் மிச்சம் என்ற நிலைமை. கூண்டில் வளர்த்து விட்டு விட்டு இப்போது ஆயிரக்கணக்கில் ஆக்கியிருக்கிறார்கள். 1957-ல் அதை ஹவாயின் அதிகாரப்பூர்வப் பறவை என்று அறிவித்தார்கள். ஆளே இல்லாதபோது பட்டம் கொடுப்பது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

எதிர்வீட்டு ஜப்பான் தாத்தாவிடம் கீரி-பாம்புச் சண்டையைப் பற்றிச் சொன்னேன். தாத்தா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கீரியைத் தினமும் பார்ப்பவர், அது பாம்போடு சண்டை போடும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. ‘நீ பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்டார். எங்கே பார்த்தோம்? பழைய பஸ் ஸ்டாண்டில் மோளம் அடித்துக் கூட்டம் சேர்த்தவர், ‘இதோ விடப்போறேன், இதோ விடப்போறேன்’ என்று சொல்லிச் சொல்லியே தாயத்து விற்றுவிட்டுப் போனார். கூடைக்குள் பாம்பு, கயிற்றில் கீரி, சண்டை மட்டும் இன்றுவரை பாக்கி. அதைச் சொன்னதும் தாத்தா சிரித்த சிரிப்பில் அவர் பல்செட் ஆடிவிட்டது.

கீரி மட்டுமில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மைனா. அதே மஞ்சள் மூக்கு, அதே அதட்டல். பயிரைத் தின்னும் புழுவைப் பிடிக்க 1865-ல் இந்தியாவிலிருந்து வரவழைத்தது. மொலொகாய் தீவிலும் மாவி தீவிலும் நம்ம புள்ளிமான். ஹாங்காங் வழியாக 1860களின் கடைசியில் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்கு அன்பளிப்பாக வந்த சில மான்கள் பெருகி, இப்போது தோட்டந்துரவெல்லாம் மேய்ந்து தீர்க்கின்றன. சுட்டுக் கறி போட்டு விற்கிறார்கள். நம்ம நாட்டில் வேறொரு மானால் ஜெயிலுக்குப் போன நடிகரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆக, எனக்கு முன்னால் வந்த நம்மூர்க்காரர்கள் யாருக்கும் இங்கே நல்ல பேர் இல்லை. நானாவது நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்ற பொறுப்பு தலைமேல் உட்கார்ந்துவிட்டது.

மற்ற ஜீவராசிகளிடம் எத்தனை அடி தள்ளி நிற்பது என்று கணக்கே இருக்கிறது. கடலாமைக்கு 10 அடி. கரையில் வந்து படுத்துத் தூங்கும் துறவிச் சீலுக்கு 50 அடி, குட்டியோடு இருந்தால் 150. திமிங்கிலத்துக்கு 100 கஜம். புனலூவு என்ற கருமணல் கடற்கரையில் ஆமை ஒன்று என்னை நோக்கி நடந்து வந்தது. நான் பத்தடிக்காகப் பின்னால் போனேன், அது முன்னால் வந்தது, நான் இன்னும் பின்னால் போனேன். கடைசியில் பார்க்கிங்கில் நின்றேன். முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட கதை சொல்லும் அவிநாசி பக்கத்துக்காரனை ஓர் ஆமை விரட்டியது என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

நீ ஞாயிற்றுக்கிழமை நஞ்சராயன் குளத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவன் என்பதால் உனக்கு மட்டும் ஒன்று. பொன் உப்புக்கொத்தி என்று ஒரு பறவை. அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்டில் கிளம்பி, நடுவில் இறங்க ஓர் இடமில்லாத கடலின் மேல் 4,800 கிலோமீட்டர் சொச்சம், மூன்று நான்கு நாள் நிற்காமல் பறந்து இங்கே வருகிறது. ஏப்ரல் கடைசியில் திரும்பிப் போய்விடும். வருஷா வருஷம் அதே பறவை அதே புல்வெளிக்கு வரும். எங்கள் எதிர்வீட்டுப் புல்தரைக்கு ஒன்று வாடிக்கை. இதே இனம் குளிர்காலத்தில் நம்ம தமிழ்நாட்டுக் கரையோரத்துக்கும் வரும், தேடிப் பார்.

சோறு கேட்டாயே, அதற்கு வருகிறேன். ஊரில் என்ன பேச்சு ஓடுகிறது என்று தெரியும்: ‘பொண்டாட்டி சம்பாதிக்கிறா, இவன் சமைக்கிறான்.’ உண்மைதான். உன் தங்கச்சிக்கு மவுனா கேயா உச்சியில், 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொலைநோக்கிகளுக்கான கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கிடைத்திருப்பது டிபெண்டென்ட் விசா. சம்பளத்துக்குக் கை வைத்தால் குற்றம். ஷிப்மென்ட் தேதி, ஷிப்மென்ட் தேதி என்று ஓடிய மெர்ச்சண்டைசருக்கு இப்போது ஒரே டெலிவரி, மத்தியான டிபன் பாக்ஸ். அதிலும் ‘உப்பு ஷார்ட்டேஜ்’ என்று கம்ப்ளைன்ட் வருகிறது, டெபிட் நோட்தான் பாக்கி.

ஹீலோ சந்தைக்குப் போனால் நீ ஊட்டுக்கு வந்துவிட்டதாகவே நினைப்பாய். சேப்பங்கிழங்கு, பாகல், புடலை, பப்பாளி, வாழைப்பூ, முருங்கைக்கீரை. பக்கத்து வீட்டு பிலிப்பினோ பாட்டி வீட்டில் முருங்கை மரமே இருக்கிறது. கீரையைக் கோழிக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறது. மரம் முழுக்கக் காய் தொங்கும்போது எனக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார். பாக்யராஜ் படம் பார்க்காத ஊரில் முருங்கைக்காய் வெறும் காய்கறி. வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் ஒரு மாதிரி சிரிப்பதில்லை. கறிவேப்பிலைதான் தட்டுப்பாடு. அதில் ஒட்டிவரும் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் கொண்டுவந்துவிடும் என்று ஊரிலிருந்து பச்சை இலை கொண்டுவரத் தடை. நாட்டைக் கெடுத்த கீரியை உள்ளே விட்டுவிட்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலையிடம் கறார் காட்டுகிறார்கள்.

சனிக்கிழமை பொழுதோட ஜப்பான் தாத்தாவின் கார் ஷெட்டில் ஜமா சேரும். கார் வெளியே மழையில் நிற்கும், மடக்கு நாற்காலி உள்ளே. தாத்தா, பிலிப்பினோ பாட்டி, இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒரு மீனவரும் அவர் சம்சாரமும், கனடா சுற்றி இங்கே வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவர வேண்டும். பேச்சு எப்போதும் இரண்டே இரண்டு: உங்க ஊட்டுல இதை எப்படிச் செய்வீங்க, இந்த வாரம் தோட்டத்துக்குள்ள எது வந்துச்சு.

மீனவர் சம்சாரம் முதலில் கொண்டுவந்தது போய். சேப்பங்கிழங்கை வேகவைத்து, மரப்பலகையில் கல் உலக்கையால் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தது. ஊதாவும் சாம்பலும் கலந்த நிறம். இரண்டு மூன்று நாள் வைத்தால் புளிக்கும், புளித்ததைத்தான் பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கெட்டித்தன்மைக்கு விரல் கணக்கு: ஒரு விரலால் எடுத்தால் வருகிறதா, இரண்டு வேண்டுமா, மூன்றா. வெளியூர்க்காரன் முதல் வாய்க்கு முகம் சுளிப்பான் என்று எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பங்கூழைப் புளிக்கவைத்துக் குடித்து வளர்ந்த வாய் இது. மறு சட்டி கேட்டேன். ‘தொட்டுக்க ஏதாவது காரமா, இல்லாட்டிக் கருவாடு’ என்றேன். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். கருவாடு! போயோடு உலர்ந்த மீனும் உப்பும்தான் இவர்கள் பரம்பரையாகச் சாப்பிடுவதாம். பசிபிக் நடுவில் இருந்துகொண்டு கூழும் கருவாடும். என் அம்மிச்சி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இவர்களுக்குச் சேப்பங்கிழங்கு வெறும் கிழங்கு இல்லை, மூத்த அண்ணன். வாக்கேயா என்ற வான தெய்வத்துக்குக் குறைப்பிரசவமாகப் பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது இந்தச் செடி, இரண்டாவதாகப் பிறந்தவன்தான் மனுஷன் என்பது ஐதீகம். தம்பி அண்ணனைப் பராமரிக்க வேண்டும், அண்ணன் தம்பிக்குச் சோறு போடுவான். அதனால் போய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது யாரும் சண்டை போடக் கூடாது, சுடுசொல் கூடாது. பாத்திரத்தை மூடிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இந்தச் சட்டத்தை நம்ம கல்யாணப் பந்தியில் கொண்டுவந்தால் எத்தனை சம்பந்தி சண்டை மிச்சமாகும்!

அடுத்த வாரம் நான் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். இந்தக் கிழங்கும் இலையும் தொண்டையை அரிக்காமல் இருக்க இவர்கள் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். லவ்லவ் என்று பன்றிக்கறியை அந்த இலையில் சுற்றிச் செய்யும் பதார்த்தம் அப்படித்தான் அரை நாள் ஆவியில் கிடக்கும். நாம் புளியை விட்டு வேலையை முடித்துவிடுகிறோம். மீனவர் சம்சாரம் ஒரு வாய் வைத்தார், கண்ணில் தண்ணீர், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: ‘எங்க அண்ணன் இவ்வளவு கோபக்காரன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது.’

சபையில் ஜெயித்தது அரிசிம்பருப்புச் சாதம்தான். சின்ன வெங்காயத்துக்குப் பதில் மாவி வெங்காயம், ஊத்துக்குளி வெண்ணெய் நெய்க்குப் பதில் கடை நெய், கறிவேப்பிலை பிலிப்பினோ பாட்டி யாரிடமோ கேட்டு வாங்கித் தந்த ஏழு இலை. ஆனாலும் பூண்டும் சீரகமும் மிளகும் வேலையைச் செய்துவிட்டன. யாழ்ப்பாணத்து அண்ணன், ‘தம்பி, இது எங்கட ஆக்களுக்குத் தெரியாமப் போச்சே’ என்று மூன்றாம் முறை போட்டுக்கொண்டார். அவர் கொண்டுவந்தது தேங்காய்ப்பால் விட்ட ஈரப்பலாக்காய்க் கறி. இங்கே உலு என்கிற அந்த மரம் ரோட்டோரமெல்லாம் நிற்கிறது. ஜப்பான் தாத்தா என் சாதத்தை உற்றுப் பார்த்தார், உள்ளே போனார், ஸ்பாம் டப்பாவோடு வந்தார். வறுத்த ஸ்பாம் துண்டை என் சாதத்தின் மேல் வைத்து, கடற்பாசித் தாளால் சுற்றி, எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். அரிசிம்பருப்பு முசுபி. கொங்கு நாட்டு வரலாற்றில் முதல் தடவை என்று நினைக்கிறேன், கடைசித் தடவையாகவும் இருக்கட்டும்.

ஸ்பாம் என்றால் தகர டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களோடு வந்தது, சிப்பாய்கள் போன பிறகும் போகவில்லை. இந்த மாநிலத்தில் வருஷத்துக்கு 70 லட்சம் டப்பா தின்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லோக்கோ மோக்கோ பரவாயில்லை: சோறு, மேலே கொத்துக்கறி அடை, அதற்கு மேல் முட்டை, எல்லாவற்றின் மேலும் குழம்பு. 1949-ல் இதே ஹீலோவில், காசு கம்மியாக வைத்திருந்த பையன்களுக்காக ஒரு சாப்பாட்டுக் கடையில் பிறந்ததாம். பச்சை மீனைச் சதுரம் சதுரமாக வெட்டி சோயா சாஸ் ஊற்றும் போக்கே பற்றி என்னிடம் கேட்காதே. உன் தங்கச்சிக்கு ரொம்பப் பிடிக்கிறது. நான் என் பங்கைத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினேன். மீனவர் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சாப்பாடெல்லாம் எப்படி ஒரே தட்டில் வந்தது என்பதை ஜப்பான் தாத்தா சொன்னார். சொன்னது ஹவாய் கதையாகப் பட்டாலும் எனக்கு ஊர்தான் கண்ணில் தெரிந்தது. அவர் பெட்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக் காட்டினார். தூக்குப்போசி மாப்ளே! இரண்டு அடுக்கு, கீழே சோறு, மேலே தொடுகறி, கைப்பிடி. கரும்புத் தோட்டத்துக்கு அவர் அப்பா எடுத்துக்கொண்டு போனது. 1852-ல் சீனர்கள், 1878-ல் போர்த்துக்கீசியர், 1885-லிருந்து ஜப்பானியர் கூட்டம் கூட்டமாக, அப்புறம் பியூர்ட்டோ ரிக்கோக்காரர், கொரியர், 1906-லிருந்து பிலிப்பினோக்கள் என்று முதலாளிகள் ஆள் மாற்றி ஆள் இறக்கினார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனி லைன் வீடு, தனிக் கூலி. ஒரே வேலைக்கு ஆள் பார்த்து ரேட். கழுத்தில் நம்பர் போட்ட உலோக வில்லை. பேர் சொல்லிச் சம்பளம் கிடையாது, நம்பர் சொல்லித்தான். மத்தியானம் மரத்தடியில் உட்காரும்போது தூக்குப்போசியின் மேல் அடுக்கு மட்டும் கை மாறும்: இவன் ஊறுகாய் அவனுக்கு, அவன் கருவாடு இவனுக்கு. இன்றைக்கு எந்தக் கடையில் பிளேட் லஞ்ச் வாங்கினாலும் அதுதான் வருகிறது: இரண்டு கரண்டி சோறு, ஏதாவது ஒரு நாட்டுக் கறி, பக்கத்தில் சம்பந்தமில்லாமல் மக்ரோனி சாலட்.

உன் கம்பெனி வாசலிலும் இப்போது ஒரு டீக்கடையில் போண்டா, அடுத்ததில் மோமோ, அதற்கடுத்ததில் பானிபூரிதானே? தேனி, மதுரை என்று வந்தவர்களுக்குப் பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். ஆனால் உங்கள் கேன்டீனில் வடக்கேயிருந்து வந்தவன் ஒரு பக்கம், நம்ம ஆள் ஒரு பக்கம். தூக்குப்போசி இன்னும் கை மாறவில்லை என்று நினைக்கிறேன். போன தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோவில் அப்படித்தான் தெரிந்தது.

கூலி வித்தியாசத்தை வைத்தே இங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர்களை ரொம்ப நாள் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு இனம் வேலைநிறுத்தம் செய்தால் இன்னொரு இனத்தைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். 1946-ல்தான் சுமார் 26,000 பேர் இனம் பார்க்காமல் சேர்ந்து 79 நாள் நிறுத்தினார்கள், ஜெயித்தார்கள். அந்த நாட்களில் பொதுச் சமையல். பிலிப்பினோக்கள் தோட்டம் போட்டார்கள், சிலர் மீன் பிடித்தார்கள், சிலர் மலைக்குப் போய்ப் பன்றி வேட்டையாடினார்கள். தாத்தாவின் அம்மா பெரிய அண்டாவில் சோறு வடித்தாராம். நான் நம்ம திருப்பூரின் 1984 பஞ்சப்படிப் போராட்டத்தைச் சொன்னேன். 127 நாள். உங்கப்பா அதில் இருந்தவர்தானே, அப்போது கஞ்சித் தொட்டியில் யார் என்ன கொண்டுவந்து போட்டார்கள் என்று கேட்டு எழுது. தாத்தா கேட்கிறார். ‘127 நாளா, எங்களைவிட அதிகமா’ என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமை. கரும்பே இப்போது இல்லை. கடைசி ஆலை மாவி தீவில் 2016 டிசம்பரில் மூடியது.

போன மாதம் கவாய் தீவுக்குப் போனோம். அங்கே கீரி காலூன்றவில்லை, அதனால் கோழி ராஜ்யம். விமான நிலையத்தில் கோழி, பெட்ரோல் பங்கில் கோழி, வங்கி வாசலில் குஞ்சுகளோடு கோழி. பாலினேசியர்கள் படகில் கொண்டுவந்த காட்டுக்கோழி வம்சத்தோடு, 1982-லும் 1992-லும் அடித்த புயல்களில் கூண்டு உடைந்து ஓடிய வீட்டுக்கோழிகள் கலந்த ஜாதி. பல்லடத்துப் பண்ணைக்காரர் யாராவது இங்கே இறங்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தீவனச் செலவில்லை, தடுப்பூசியில்லை, பிடிப்பாருமில்லை. கறி ரப்பர் என்கிறார்கள்.

அந்தத் தீவில்தான் கவாய் ஆதீனம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-ல் தீட்சை பெற்ற அமெரிக்கர், சிவாய சுப்பிரமுனியசுவாமி, 1970-ல் நிறுவியது. இறைவன் கோயில் என்று ஒரு முழுக் கற்கோயில். குமரி முனையில் வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. பெங்களூர் பக்கம் கையாலேயே செதுக்கி, கல் கல்லாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடுக்கி, 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. உள்ளே மூன்றடிக்குக் கொஞ்சம் மேல் உயரம் வரும் ஸ்படிக லிங்கம். வெள்ளைக்காரச் சாமியார்கள் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, வேட்டியைச் சுத்தமாகக் கட்டியிருந்தார்கள். நான் ஜீன்ஸில் நின்றேன். யாழ்ப்பாணத்து அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார், நாங்கள் கூப்பிடவில்லை. வெளியே வந்தால் புல்தரையில் ஒரு சேவல் கூவுகிறது. ‘முருகன் ஆளை அனுப்பி வைத்திருக்கிறார்’ என்றாள் உன் தங்கச்சி.

தொழில் விஷயம் ஒன்று. டூரிஸ்ட் கடைக்குள் போனால் என் கை தானாக டீ ஷர்ட்டின் காலருக்குள் போய் லேபிளைத் திருப்புகிறது. நெக் ரிப்பை இழுத்துப் பார்க்கிறேன், பக்கத் தையலைத் தடவுகிறேன். கடைக்காரப் பெண் பின்னாலேயே வருகிறாள். பூப் போட்ட அலோஹா சட்டை நமக்கு ஆகாது, அது தறித் துணி. ஆனால் அதிலும் நம்ம நாட்டு ஆள் ஒருவர் இருக்கிறார். வாட்டுமல் என்ற சிந்தி வியாபாரி, ஹொனலூலூவில் ஈஸ்ட் இந்தியா ஸ்டோர் வைத்திருந்தவர். 1936-ல் எல்ஸி தாஸ் என்ற ஓவியரிடம் ஹவாய்ப் பூக்களை வரையச் சொல்லி, ஜப்பானுக்கு அனுப்பிப் பட்டில் அச்சடித்து வாங்கி விற்றார். இப்போது வெள்ளிக்கிழமையானால் பேங்க் மேனேஜரும் அந்தச் சட்டைதான். செம்பருத்தி போட்ட சட்டையில் கலெக்டர் ஆபீசுக்குள் நீ நுழைவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம்.

கடைசியாக, தோட்டத்தில் நட்ட என் சேப்பங்கிழங்கை நேற்று ராத்திரி காட்டுப்பன்றி வந்து தோண்டித் தின்றுவிட்டது. ‘அண்ணனைத் தின்ற பன்றியை நாம் தின்பதுதான் முறை’ என்று மீனவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை குழி வெட்டிச் சுடுவதாகத் திட்டம். பன்றிக்கு இன்னும் தகவல் தெரியாது. பள்ளிபாளையம் பாணியில் ஒரு பங்கு நான் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன், காய்ந்த மிளகாய் கிலோக்கணக்கில் இருக்கிறது.

பி.கு.: இது முக்கியம். எங்கள் தெருக்காரர்களுக்கு டீ ஷர்ட் வேண்டுமாம். முன்னால் கோக்கீ தவளை, முதுகில் ‘நான் தூங்கிவிட்டேன்’ என்று எழுத்து. நூறு சதம் காட்டன், சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ், நெக் ரிப்பில் லைக்ரா. கலர் மூன்று. சைஸ் ஸ்மாலிலிருந்து 4எக்ஸ்எல் வரை. 4எக்ஸ்எல் மீனவருக்கு, அளவைக் குறைத்துத் துணி மிச்சம் பிடிக்காதே, கத்தி வைத்திருக்கிறார். மொத்தம் நாற்பது பீஸ். கலருக்கு ஐந்நூறுக்குக் கம்மியாக மிஷின் ஏற்ற மாட்டாய் என்று தெரியும். காதர்பேட்டையில் பிளெய்ன் பீஸ் வாங்கி பிரின்ட் மட்டும் அடித்துக் கொடு. ரேட்டை உன் தங்கச்சி நம்பருக்கு அனுப்பு. என் நம்பருக்கு அனுப்பினால் நான் இங்கே வேலை பார்த்ததாகக் கணக்காகிவிடும்.

இப்படிக்கு,
உன் பழைய மெர்ச்சண்டைசர்